ரூடு: என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரு சொல்

1

போன மாதம் என்னைப் பற்றி ஒரு புகார் வந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தங்கியிருக்கும் ஒரு அம்மாவின் மகள் எழுதிக் கொடுத்தது. சில வரிகள்தான். அதில் ஒரு சொல் மட்டும் பார்த்ததும் புரிந்துவிட்டது. ரூடு. மரியாதை தெரியாதவன் என்று அர்த்தம்.

நான் ஆமத்தூர்ப் பக்கத்துக்காரன். இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும் ஒரு சிறு நகரத்தில், மனைவி எஸ்தரோடும் மகள் ஷைனியோடும் குடியிருக்கிறேன். எஸ்தர் நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள்; நான் அவள் பின்னால் வந்தேன். என்னைப் போல வந்த ஆண்கள் பலர் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். நான் எல்லாவற்றுக்கும் கூச்சப்படுகிறவன் என்பதால் இதற்கென்று தனியாகப் படுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி வேலைக்குப் போனவன். சபையின் மாதப் பத்திரிகையையும், காலண்டர் தாளின் பின்பக்கத்தையும் வாசித்துத்தான் எழுத்து பழகியது. ஊரில் இதை வாசிக்கிறவர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இல்லத்தில் எனக்குத் துணி துவைக்கும் பகுதியில் வேலை. படுக்கை விரிப்புகள், துண்டுகள், வயதானவர்களின் உடுப்புகள் எல்லாம் என்னிடம் வரும். துவைத்து, தேய்த்து, பெயர் பார்த்து அடுக்கி வைக்க வேண்டும். பேச்சே தேவையில்லாத வேலை என்று சொல்லித்தான் எஸ்தர் எனக்கு அதைத் தேடிப் பிடித்தாள்.

அன்று அந்தப் பெண்மணி உள்ளே வந்தபோது நான் தேய்ப்பு மெஷினில் நின்றிருந்தேன். வாசலுக்கு முதுகு. ஹலோ என்றார். இன்னொரு முறையும் ஹலோ என்றார். காதில் விழுந்தது. ஆனால் ஒரு விரிப்பு பாதி உருளைக்குள் போயிருந்தது. அதை முடித்தேன். மெஷினை நிறுத்தினேன். அவர் கேட்ட நீலக் கம்பளிச் சட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, மேஜைமேல் வைத்து, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், அவர் வாங்கிக்கொள்வதற்காகக் கையை நீட்டியபடி நின்றார். சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வந்த காரியம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மேலாளர் லிண்டா ஒரு கடிதத்தோடு வந்தார். அடுத்த வியாழக்கிழமை அவர் அறையில் கூட்டம். விரும்பினால் உடன் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். போன வருஷமும் இதே மாதிரி ஒரு புகார் இருந்ததால், இதுவும் சரி என்று முடிவானால் எழுத்து மூலம் எச்சரிக்கை. அதற்குப் பிறகு வேலைக்கு உறுதியில்லை. இதையெல்லாம் சொல்லிக் கடிதத்தை நீட்டினார். நான் மேஜையைப் பார்த்தேன். அவரும் மேஜையைப் பார்த்தார். பிறகுதான் நினைவு வந்து கையை நீட்டினேன்.

2

எஸ்தர் என் அத்தை மகள். இத்தனை வருஷமாகியும் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

“கூப்பிட்டது காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு.”

“அப்ப திரும்பி ஒரு ஹலோ சொன்னா என்ன அத்தான்? வாயத் தொறந்தா காசா குறைஞ்சுரும்?”

“கை மெஷின்ல இருந்துச்சு.”

“கை மெஷின்ல இருந்தா வாய் சும்மாதான இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல வயரா போட்டிருக்கு?”

போட்டிருக்கிறது. நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

ஷைனி மேஜையில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் பாட்டு மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். விருதுநகரில் பிறந்தவள். ஆறு வயதில் இங்கே வந்தாள், இப்போது பதினைந்து. தமிழ் எல்லாம் புரியும். பேசும்போது பாதி வழியில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள்.

“அம்மா, விடுங்க. அப்பா ரூடுதான்.”

“அப்பாவப் பாத்துப் பேசுற பேச்சாட்டி இது?”

“ட்ரூதானம்மா. மேகன் அம்மா என்னை டிராப் பண்ண வந்தாங்கல்ல? அவங்க ஹாய் சொல்லிக் கை நீட்டுறாங்க. அப்பா வெங்காயம் வெட்டிட்டே இருக்காங்க. வெட்டி முடிச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அவங்க போயிட்டாங்க. நான் ஓடிப்போய் சாரி சொன்னேன். எப்பவும் நான்தான் சாரி சொல்றேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அவளுடைய சிநேகிதிகள் கொஞ்ச காலமாக வீட்டுக்கு வருவதில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வெளியே சந்தித்துக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கடைக்குப் போனால் அவள் எனக்குச் சற்று முன்னால் நடப்பாள். அதையும் வயசு என்று நினைத்திருந்தேன்.

அந்த நிமிஷத்திலிருந்து வியாழக்கிழமைக் கூட்டம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. இந்த வேலை போனால் வேறு துணி, வேறு மெஷின். ஆனால் ஒரு பிள்ளை தகப்பனைப் பற்றி இந்த வயதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதை எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து மாற்றுவது?

3

சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவர்களுக்கு, நான் செய்தது என்ன என்று இதற்குள் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மருந்து என்றால் வெடி மருந்து. அந்த அறைகள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஓடுவதற்கு வசதியாக எதிரெதிரே கதவுகள். தரையில் ரப்பர் விரிப்பு. செருப்பை வெளியே விட்டு, வாசலில் பதித்த தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். நான் முதல் நாள் போனபோது எங்கள் போர்மேன் பால்பாண்டி அண்ணாச்சி வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

“ஏலே, இங்கன கை மருந்துல இருக்குறவனுக்குக் காதும் கெடையாது, வாயும் கெடையாது. ஒங்கப்பன் செத்துட்டான்னு எவனாச்சும் வந்து சொன்னாலும், கையில உள்ளத கீழ வை. கையத் தொடை. அப்புறமா அழு.”

பொருள் கொடுப்பதற்கும் ஒரு முறை சொல்லித் தந்தார். “கைக்குக் கை குடுக்காத. கீழ வை. ஒன் கைய எடு. அதுக்கப்புறம் அவன் எடுப்பான்.” ஒரே பொருளில் இரண்டு பேர் கை இருக்கும் நேரத்தில்தான், ஒருவன் பிடித்துவிட்டான் என்று மற்றவன் விட்டுவிடுவான்.

வெளியிலிருந்து வருகிறவர் கூப்பிட மாட்டார். வேலை செய்கிறவர்மேல் நிழல் விழாதபடி வாசலில் ஒதுங்கி நிற்பார். முதலாளியே அப்படி நின்று பார்த்திருக்கிறேன். சீசன் நேரம், ஆர்டர் தலைக்குமேல் இருக்கிறது, லோடு ஏற்ற லாரி வெளியே நிற்கிறது. வெள்ளை வேட்டியோடு வெயிலில் நிற்கிறார். அண்ணாச்சி சல்லடையை ஓரமாக வைத்து, கையைத் துடைத்து, அதன் பிறகுதான் நிமிர்ந்தார். முதலாளி முகம் சுளிக்கவில்லை. அங்கே அதுதான் மரியாதை. அறைக்கு வெளியே நின்று ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவனைத்தான் மரியாதை கெட்ட பயல் என்று ஏசுவார்கள்.

மாரியப்பன் என்று எனக்கு ஒரு கூட்டாளி. எனக்கு முந்தின நிறுத்தத்தில் கம்பெனி வேனில் ஏறுவான். ஜன்னலோரம் எனக்கென்று ஒரு இடத்தில் தூக்குவாளியை வைத்துப் பிடித்திருப்பான். நான் ஏறியதும் தூக்குவாளியை மடிக்கு எடுத்துக்கொள்வான். வழி முழுக்க இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அவன் இருந்த அறை போய்விட்டது. சொல்லிக் கொடுத்திருந்தபடி நாங்கள் எல்லோரும் வெட்டவெளியைப் பார்த்து ஓடினோம். அந்த அறையில் என்ன நடந்தது என்று தெரியாது. சொல்வதற்கு அங்கே ஆள் மிச்சமில்லை. யாரோ வெளியிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். உராய்வு என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் பக்கம் நடக்கிற எந்த வெடி விபத்துக்கும் பேப்பரில் அந்த ஒரு சொல்தான் வரும்.

அதற்குப் பிறகும் நான் பல வருஷம் அதே வேலையில் இருந்தேன். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதை என் கழுத்து கற்றுக்கொண்டது. இது எதையும் நான் ஷைனியிடம் சொன்னதில்லை. அப்பா பட்டாசுக் கம்பெனியில் இருந்தார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அவள் சிநேகிதிகளிடம் அதைச் சொன்னபோது கூல் என்றார்களாம்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். ஜெயமணி அக்கா சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் இருக்கிறாள். இப்போது அவர்களுக்கு வேலை கூடுதலான நேரம். பேசும்போதே பின்னால் பேரப்பிள்ளைகள் சத்தம்.

“என்னலே, குரலே ஒரு மாதிரியா இருக்கு?”

சொன்னேன்.

“ரூடுன்னா என்னலே? டிவி நாடகத்துல கூடச் சொல்லுதாளுக, ரூடா பேசாதீங்கன்னு.”

“மரியாதை இல்லாதவன்னு அர்த்தம்க்கா.”

“ஒன்னையவா? நீ வாயே தொறக்க மாட்டியேலே. எங்கன போய் மரியாதை கெட்டுப் பேசுன?”

“பேசலக்கா. அதான் புகாரு.”

அக்கா சிரித்தாள். “பேசாததுக்கும் புகாரு உண்டா அந்த ஊருல. நல்ல ஊருதான் போ.” சிரித்து முடித்து, “எழுதுன பொம்பள படிச்சவளா?” என்று கேட்டாள்.

“படிச்சவங்கதான்க்கா.”

“அப்ப அவ எழுதுனது சரியாத்தாம்லே இருக்கும். நாமளா படிச்சோம்?”

அக்கா அதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அது எனக்குள் கிடந்தது.

புதன்கிழமை சாயங்காலம் எஸ்தர் மகளைப் பிடித்து உட்கார வைத்தாள். “அப்பா நாளைக்குச் சொல்லுறதுக்கு நல்லா மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் குடுட்டி.” ஷைனி அலுத்துக்கொண்டே போனை எடுத்தாள். அந்தச் சொல்லையே திரும்பச் சொல்லாமல் அதற்கு மென்மையாக வேறு சொல் கிடைக்குமா என்று தேடினாள். தேடினவள் விரலை நிறுத்தினாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

“அப்பா, இது வேற மாதிரி போட்டிருக்கு.”

“என்ன போட்டிருக்கு?”

“ஃபர்ஸ்ட் இதுக்கு பேட் பிஹேவியர்னு மீனிங் இல்ல. லத்தீன்ல இருந்து வந்திருக்கு. பச்சையா இருக்கிறது, இன்னும் செதுக்காததுன்னு. கல்லு, மரம், அந்த மாதிரி. அப்புறம் ஸ்கூலுக்குப் போகாதவங்களை, படிக்காதவங்களை அப்படிச் சொல்லிருக்காங்க. படிக்காதவர், அவ்ளோதான். அப்புறமாத்தான்...”

“அப்புறமா?”

“படிக்காதவங்கன்னா மேனர்ஸ் தெரியாதுன்னு ஆயிருச்சு. இப்ப அது மட்டும்தான் மீனிங்.”

“அப்ப அந்தம்மா சரியாத்தான் எழுதியிருக்காக” என்றேன்.

எஸ்தர் சிரித்தாள். ஷைனி சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியவர் தினமும் தோட்டத்தைச் சுற்றி நடப்பார். லிண்டா ஒருநாள் அவரைக் காட்டி, ரூடு ஹெல்த் என்றார். இவ்வளவு நல்ல மனிதரை இப்படிச் சொல்கிறாரே என்று நான் அவருக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டிருந்தேன். ஷைனியிடம் கேட்டேன்.

“அது பழைய மீனிங்ப்பா. கல்லு மாதிரி ஸ்ட்ராங்கா இருக்காங்கன்னு. அந்த ஒரு இடத்துல அப்படியே தங்கிருச்சு.”

நான் அதை யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரிலும் இதே கதைதானே. காட்டான் என்றால் காட்டில் இருப்பவன். பட்டிக்காட்டான் என்றால் பட்டிக்காட்டில் பிறந்தவன். அவன் என்ன தப்புச் செய்தான்? ஒரு பிள்ளை துடுக்காகப் பேசினால், “படிச்ச பிள்ளை பேசுற பேச்சா” என்றுதானே கண்டிக்கிறோம். ஒரு சொல் தானாக இடம் மாறாது. கம்பெனி வேன் மாதிரி, அதையும் யாராவது ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் ஓட்டினார்கள். அந்தக் காலத்துப் படிக்காதவர்களுக்கும் மாட்டிடம், உளியிடம், நெருப்பிடம் நடந்துகொள்வதற்கு என்று சில முறைகள் இருந்திருக்கும். அதை அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு அந்தப் பெயரே வந்திருக்காது.

“ஏன்ப்பா கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க?” என்று ஷைனி கேட்டாள்.

இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஏன் திரும்பவில்லை என்று திட்டியிருக்கிறார்கள். அது வேறு. அறையைப் பற்றிச் சொன்னேன். பால்பாண்டி அண்ணாச்சியைப் பற்றி, வெயிலில் நின்ற முதலாளியைப் பற்றிச் சொன்னேன். மாரியப்பனைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் நிறுத்திவிட்டேன். எஸ்தருக்கு மிச்சம் தெரியும். அவள் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவினாள்.

“அந்த அங்கிள் டெய்லி சீட் பிடிச்சு வைப்பாங்களா?” என்று மட்டும் ஷைனி கேட்டாள்.

“ஆமா.”

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கும் வரிகளை எழுதிக் கொடுக்கவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

5

கூட்டத்துக்கு யாரையும் துணைக்குக் கூட்டிப் போகவில்லை. லிண்டா தேநீர் கொடுத்தார். கையில்தான் வாங்கினேன். முதலில் சாரி சொன்னேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முன்பு நான் பட்டாசு வேலை. கை மருந்தில் இருந்தால் பேச்சு இல்லை, திரும்புவது இல்லை. பொருளைக் கையில் கொடுப்பது இல்லை, கீழே வைப்போம். அது அங்கே மரியாதை.

“திரும்பினால் என்ன ஆகும்?” என்று லிண்டா கேட்டார்.

“நெருப்பு” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். நான் சொன்னது புரிகிறது என்றார். எழுத்து மூலம் எச்சரிக்கை கிடையாது, என் விவரத்தோடு ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைப்பார். ஆனால் இங்கே மருந்து இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள் என்றார். பிறகு, சொல்லலாமா என்று யோசிப்பது போல இருந்துவிட்டு ஒன்று சொன்னார். அன்று அந்தப் பெண்மணி தாயின் அறையிலிருந்து நேராக என்னிடம் வந்திருக்கிறார். அன்றுதான் முதல் முறையாகத் தாய்க்கு மகளை அடையாளம் தெரியவில்லை. குளிருகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மகள் கம்பளிச் சட்டை தேடிக் கீழே வந்திருக்கிறார்.

நான் அவ்வளவு நேரம் என் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவரைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்த இரண்டாவது ஆள் நான். அவர் வேறு என்ன சொல் எழுதியிருக்க முடியும்?

தேய்ப்பு மெஷினைத் திருப்ப முடியாது. மறுநாள் லிண்டாவும் நானுமாக, துணி மடிக்கும் மேஜையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டோம். மடிக்கிற நேரத்தில் யார் வந்தாலும் இப்போது கண்ணில் படும். கை வேலையில் இருந்தாலும் தலையை அசைக்கிறேன். முதல் சில நாள் ஒவ்வொரு தடவை அசைக்கும்போதும் கை தானாக நின்றுவிட்டது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்தப் பெண்மணி ஒருமுறை கதவைத் தாண்டிப் போனார். தலையசைத்தேன். அவரும் அசைத்தார்.

6

இது நேற்று நடந்தது. ஷைனியின் பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் எனக்கு அதே வேலைதான். வாசலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தேன். மாடிப்படியில் அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வழக்கமாகப் பாதிப் படியிலேயே அப்பா, அப்பா என்று ஆரம்பித்துவிடுவாள். நான் திரும்பாததைப் பார்த்துச் சலித்துக்கொண்டு போவாள்.

நேற்றுக் கூப்பிடவில்லை. காலடிச் சத்தம் வாசலில் நின்றுவிட்டது. போய்விட்டாள் என்று நினைத்தேன். சட்டைக் கை முடிந்ததும் தேய்ப்புப் பெட்டியை அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்தேன். சுவிட்சை அணைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள். அதைத் தேய்ப்புப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். கையை எடுத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

நான் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் நாள். எப்போதும் எஸ்தர்தான் போவாள்.

“அம்மாவுக்கு அன்னைக்கு டூட்டியா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. ரெண்டு பேரும் வாங்க.”

“டீச்சர் கை குடுப்பாங்களே.”

“நான் முன்னாடியே சொல்லிருவேன்.”

“என்னன்னு? சாரின்னா?”

“சாரி இல்லப்பா. அப்பாவுக்காகக் கொஞ்சம் வெயிட் பண்ணுங்கன்னு.”